ஏ.ஐ. வந்தா வலியெல்லாம் போயிருமா?

போன வாரம் பெங்களூர்ல இருந்து அக்கா மகன் வந்திருந்தான். சாப்ட்வேர் கம்பெனியில வேலை. ராத்திரி சாப்பிட்டுட்டு வாசல்ல கயித்துக்கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தோம். கட்டுத்தரையில செவலை அசை போட்டுக்கிட்டு இருந்துச்சு. பேச்சு மழை, மஞ்சள் விலைன்னு எங்கெங்கேயோ சுத்தி அவன் வேலையில வந்து நின்னுச்சு.

"மாமா, இன்னும் கொஞ்ச வருசத்துல ஏ.ஐ. எந்த உசுருக்கும் வலியே இல்லாம பண்ணீரும், பாருங்க" என்றான்.

பக்கத்தில் வெத்தலை இடிச்சுக்கிட்டு இருந்த எங்கம்மா நிமிர்ந்து பார்த்துச்சு. "ஏங்கண்ணு, ஏ.ஐ. போட்டதுனாலதான நம்ம செவலை போன ஈத்துல கன்னு போட முடியாம அந்தப் பாடு பட்டுச்சு? பெரிய சாதிக் காளையோட ஊசியப் போட்டுட்டு அவன் பாட்டுக்குப் போயிட்டான். அதெப்படி வலியில்லாம பண்ணும்?"

நகரத்தில் இருக்கிறவங்களுக்கு இதை விளக்கிச் சொல்லணும். எங்க பக்கம் மாடு வச்சிருக்கிறவங்களுக்கு ஏ.ஐ.ன்னா சினை ஊசி. காளையைச் சேர்க்காமல் செயற்கை முறையில் சினைப்படுத்துவதற்கு இங்கிலீஷ்ல உள்ள பேரோட சுருக்கமும் இதே ரெண்டு எழுத்துதான். செயற்கை நுண்ணறிவு வர்றதுக்கு எத்தனையோ வருசத்துக்கு முன்னாடியே எங்க கட்டுத்தரைக்கு இந்த ஏ.ஐ. வந்துருச்சு. மாப்ள விழுந்து விழுந்து சிரிச்சான். நானும் சிரிச்சேன். ஆனா படுத்தப்புறம் யோசிச்சுப் பார்த்தா, அம்மா மாத்திப் புரிஞ்சுக்கிட்டதுலயும் ஒரு விசயம் இருக்குன்னு பட்டுச்சு. அதைத்தான் எழுதப்போறேன்.

முதல்ல மாப்ள சொன்னதை நேர்மையாச் சொல்லிடறேன். டேவிட் பியர்ஸ்னு இங்கிலாந்துக்காரர் ஒருத்தர் 1995-லயே எழுதியிருக்காராம். மனுசன் மட்டுமில்ல, வலியை உணரக்கூடிய எல்லா உசுரோட துன்பத்தையும் உயிரியல் தொழில்நுட்பத்தால ஒழிச்சுக்கட்டணும், அது நம்ம கடமை என்கிறது அவரோட கட்சி. அன்னிக்கு அது வெறும் ஆசை. இன்னிக்கு ஆல்ஃபாஃபோல்டுன்னு ஒரு ஏ.ஐ. இருபது கோடிப் புரதங்களோட வடிவத்தைக் கணிச்சுக் கொடுத்திருக்கு. முன்னாடி ஒரே ஒரு புரதத்தோட வடிவத்தைக் கண்டுபிடிக்க வருசக்கணக்கில் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பாங்களாம். 2024-ல் வேதியியல் நோபல் பரிசில் பாதி இந்த வேலைக்குத்தான் போச்சு. "வலிங்கிறது நரம்பும் ஜீனும் சேர்ந்த கணக்கு மாமா. நமக்கு அதைப் போடற அளவுக்கு மூளை பத்தல. அதுக்குப் பத்தும்" என்றான்.

இதை நான் கேலி பண்ணல. கேலி பண்றவங்க எங்க அப்பாரு காலத்தைப் பார்த்ததில்லை.

எங்க அப்பாரு கவலை இறைச்சு விவசாயம் பண்ணினவர். காங்கேயத்து எருது ரெண்டு. ஒரு வருசம் ஊருக்குள்ள வெக்கை நோய் வந்துச்சு. வாயெல்லாம் புண்ணாகி, கண்ணுல தண்ணி ஊத்தி, கழிஞ்சு கழிஞ்சே அஞ்சாறு நாள்ல ரெண்டும் போயிருச்சு. எருது இல்லாம தண்ணி இறைக்க முடியல. அந்தப் போகமே கருகிப் போச்சு. எனக்கு விவரம் தெரியறதுக்கு முன்னாடி நடந்தது, ஆனா அப்பாரு சாகிற வரைக்கும் இதைச் சொல்லும்போது குரல் இறங்கிடும்.

இன்னிக்கு எங்க ஊர்ப் பசங்களுக்கு வெக்கைன்னா என்னன்னே தெரியாது. முக்தேஸ்வர் மலை மேல வெள்ளைக்காரன் காலத்து ஆய்வுக்கூடத்தில் 1920-களில் ஒரு தடுப்பூசி செஞ்சாங்க. அப்புறம் 1960-கள் வாக்கில் அதைவிட நல்லது ஒண்ணு வந்துச்சு. ஊர் ஊரா, கட்டுத்தரை கட்டுத்தரையாப் போய்ப் போட்டாங்க. இந்தியாவில் கடைசியா அந்த நோய் வந்தது 1995-ல், அதுவும் நம்ம தமிழ்நாட்டில்தான். 2011-ல் உலகத்தை விட்டே ஒழிஞ்சதுன்னு அறிவிச்சாங்க. பெரியம்மைக்கு அடுத்து மனுசன் அடியோட ஒழிச்ச ரெண்டாவது நோய் அது. எத்தனை கோடி மாடு படாம போன வலி அது! அறிவு வலியை ஒழிக்குமான்னு என்னைக் கேட்டா, ஒழிக்கும், ஒழிச்சிருக்குன்னுதான் சொல்லுவேன். அதைவிடப் பெரிய அறிவு வந்தா கோமாரி போகலாம், மடிநோய் போகலாம், அம்மைக்கட்டி போகலாம். வரட்டும். முதல் ஆளா வரிசையில நிப்பேன்.

அங்கே வரைக்கும் மாப்ள கூட எனக்குச் சண்டை இல்லை.

அடுத்து மோயாறு பக்கம் வாங்க. எங்க ஊர்ல இருந்து ரொம்பத் தூரமில்லை. சத்தியமங்கலம், முதுமலைக் காடுகளுக்கு நடுவுல போற பள்ளத்தாக்கு. தென்னிந்தியாவில் பாறு கழுகுகள் மிஞ்சியிருக்கிற சில இடங்கள்ல அது ஒண்ணு. எங்கம்மா சின்ன வயசுல, மாடு செத்தா ஊருக்கு வெளிய போட்டுருவாங்களாம். வானத்துல எங்கிருந்துதான் வருமோ, பாறு கூட்டமா வந்து இறங்கி எலும்பை மட்டும் மிச்சம் வைக்குமாம். இப்ப நான் அண்ணாந்து பார்த்தா ஒண்ணுகூட இல்லை.

காரணம் ஒரு வலி ஊசி. டைக்குளோஃபினாக். மாட்டுக்குக் காய்ச்சல், வீக்கம், வலி எதுவானாலும் சல்லிசாக் கிடைச்சதுன்னு போட்டாங்க. மாட்டுக்கு உண்மையிலேயே வலி குறைஞ்சது. அந்த மருந்து உடம்புல இருக்கும்போதே செத்த மாட்டைத் தின்ன பாறுக்குச் சிறுநீரகம் கெட்டுப் போச்சு. 1990-கள்ல ஆரம்பிச்சு பத்துப் பதினஞ்சு வருசத்துல நம்ம நாட்டுல மூணு வகைப் பாறு 95 சதவீதத்துக்கு மேல அழிஞ்சது. காரணம் வெளியில தெரிஞ்சது 2004-ல். 2006-ல் மாட்டுக்கு அதைப் போடக்கூடாதுன்னு தடை போட்டாங்க. அதுக்குள்ள முடிஞ்சு போச்சு.

இந்தக் கதையைச் சொன்னதும் மாப்ள சட்டுன்னு பிடிச்சுக்கிட்டான். "அதுக்குத்தான் மாமா ஏ.ஐ. வேணுங்கிறேன். மாட்டு ஊசிக்கும் கழுகுக்கும் இருக்கிற தொடுப்பு எந்த டாக்டருக்கும் தெரியல. அது முன்கூட்டியே சொல்லிரும்."

சொல்லலாம். ஒத்துக்கறேன். ஆனா காடும் காடு சார்ந்த இடமும் அவ்வளவு லேசான கணக்கு இல்லை. நான் நெல் வயல்ல அங்கங்கே பறவை தாங்கி நட்டு வச்சிருக்கேன். ராத்திரி ஆந்தை வந்து அதுல உட்கார்ந்து எலியைப் பிடிக்கும். எலிக்கு அது கொடுமைதான். எலியைக் காப்பாத்தினா ஆந்தைக் குஞ்சு பட்டினி. ரெண்டையும் காப்பாத்தினா எனக்கு நெல் இல்லை. எலி, ஆந்தை, நான் மூணு பேரையும் வலியில்லாம வைக்க ஒரு மெசினால முடியும்னா, அது வயலையே பிரிச்சு வேற ஒண்ணாத்தான் கட்டணும். அதுக்கு அப்புறம் அது வயலா இருக்குமான்னு எனக்குச் சொல்லத் தெரியல.

சரி, காட்டை விடுங்க. வலியை உண்டாக்கற காரணத்தை எடுக்க முடியாட்டி, வலிங்கிற உணர்ச்சியையே எடுத்துட்டா என்ன? மாப்ளயோட அடுத்த கேள்வி இது. பியர்ஸ் சொல்றதும் கிட்டத்தட்ட இதுதானாம்.

இதுக்கு எங்க பக்கத்து மலையில பொறந்த ஒரு டாக்டர் பதில் வச்சிருக்கார். பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில பொறந்தவர். அப்பா அம்மா அங்கே ஊழியம் பண்ண வந்த வெள்ளைக்காரங்க. அவர் 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து தொழுநோய்க்காரங்களுக்கு வைத்தியம் பார்த்தார். தொழுநோய் வந்தா விரல் தானா அழுகி விழும்னு அதுவரைக்கும் எல்லாரும் நம்பிக்கிட்டு இருந்தாங்க. அவர்தான் கூடவே இருந்து பார்த்து, விரல் போறதுக்கு முக்கியக் காரணம் வலி தெரியாததுன்னு காட்டினார். சூடான பாத்திரத்தைப் பிடிப்பாங்க, தெரியாது. ஆணி ஏறும், தெரியாது. ராத்திரி தூங்கும்போது எலி வந்து விரலைக் கடிச்சிருக்கு, அதுவும் தெரியல. அப்புறம் வீட்டுக்குப் போற நோயாளிகள் கையில ஒரு பூனையைக் கொடுத்து அனுப்பினாங்களாம்.

பின்னாடி அமெரிக்கா போய், வலி தெரியாதவங்களுக்காகச் செயற்கையா வலி உண்டாக்கற ஒரு கருவியையே செஞ்சு பார்த்தார். கையில அழுத்தம் கூடினா எச்சரிக்கும், சின்னதா ஷாக் அடிக்கும். என்ன ஆச்சு தெரியுமா? நோயாளிங்க வேலை செய்யணும்னு நினைக்கறப்ப அதை அணைச்சு வச்சுட்டாங்க. வலியை அணைக்க ஒரு பொத்தான் இருந்தா மனுசன் அணைச்சிருவான். அந்தப் பொத்தான் ஏன் இருக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சிருந்தாலும் அணைச்சிருவான்.

இந்த இடத்துல எனக்கு வைக்கோல் கன்னு ஞாபகம் வந்துச்சு.

நகரத்துல இருக்கிற பல பேர் பார்த்திருக்க மாட்டீங்க. கன்னு செத்துப் போச்சுன்னா மாடு பால் சுரக்காது, கத்தும், தீவனம் எடுக்காது. அந்தக் காலத்துல செத்த கன்னோட தோலை உரிச்சு, உப்புப் போட்டுக் காய வச்சு, உள்ள வைக்கோலைத் திணிச்சுத் தைச்சு, கறக்கும்போது மாட்டு முன்னாடி கொண்டாந்து வைப்பாங்க. மாடு மோந்து பார்க்கும், நக்கும். நக்க நக்கப் பால் இறங்கும். கத்தறதை நிறுத்திரும். வலி போயிருச்சு. சின்ன வயசுல எங்க பெரியப்பா வீட்டுல அதைப் பார்த்துட்டு நான் ரெண்டு நாள் அவங்க வீட்டுக்குப் போகல. ஏன்னு அப்ப எனக்குச் சொல்லத் தெரியல. மாடு நிம்மதியாத்தானே இருந்துச்சு?

மாட்டோட துக்கத்தைத் தீர்த்ததுதான் அது, இல்லேங்கல. ஆனா யாருக்காகத் தீர்த்தாங்க? பாலுக்காக. இதே வேலையை ஏ.ஐ. நூறு மடங்கு நல்லாச் செய்யும். வைக்கோல் வேண்டாம், ஜீனையே திருத்தி, கன்னைப் பிரிச்சாலும் கத்தாத மாடு வந்துரும். கூண்டுல திரும்பக்கூட முடியாத கோழி, ஆனா கஷ்டம் தெரியாத கோழி வந்துரும். அன்னிக்கு நாம எல்லாரும் "துன்பம் ஒழிஞ்சது"ன்னு அறிவிச்சிருவோமா? கூண்டு அப்படியேதான் இருக்கும். அதைப் பத்திக் கத்தறதுக்குத்தான் ஆள் இருக்காது.

இப்ப என் சொந்தக் கதைக்கு வர்றேன். எழுதலாமா வேண்டாமான்னு நாலு நாள் யோசிச்சேன்.

போன ஈத்துல செவலை கன்னு போட முடியாமப் படுத்துருச்சு. கன்னு பெருசு. நடு ராத்திரி. டாக்டரை எழுப்பிக் கூட்டியாந்து, நானும் அவரும் பக்கத்துக் காட்டுக்காரரும் சேர்ந்து இழுத்து எடுத்தோம். உசுரோட வந்துச்சு. டாக்டருக்கும் மருந்துக்கும் 1,500 ரூபாய் ஆச்சு. எங்கம்மா சீம்பாலை விரல்ல தொட்டு அது வாயில வச்சு, முட்டி முட்டிக் குடிக்கப் பழக்குச்சு. காளைக்கன்னு.

இருபத்திரெண்டாம் நாள் அதை யாவாரிகிட்ட 600 ரூபாய்க்கு வித்தேன்.

கணக்கைச் சொல்றேன். கன்னு ஒழுங்கா வளரணும்னா ஒரு நாளைக்கு ரெண்டரை லிட்டராவது குடிக்கணும். மூணு மாசத்துக்கு 225 லிட்டர். சொசைட்டியில லிட்டர் 35 ரூபாய்ன்னு வச்சாலும் கிட்டத்தட்ட 8,000 ரூபாய். கிடேரின்னா அது முதலீடு. காளைன்னா? உழவுக்கு ட்ராக்டர். வண்டிக்கு டெம்போ. சினைக்கு ஊசி. காளைக்கு வேலையே இல்லை. யாவாரி எங்கே கொண்டு போவான்னு நான் கேக்கல. கேட்டா விக்க முடியாதுன்னு தெரிஞ்சுதான் கேக்கல. செவலை மூணு ராத்திரி கத்துச்சு. நான் டிவி சத்தத்தைக் கூட்டி வச்சேன்.

நான் ஒருத்தன் மட்டும்னு நினைக்காதீங்க. 2019 கால்நடைக் கணக்கெடுப்புல நாட்டுல மொத்தம் 19.25 கோடி மாடு. அதுல பசு இனம் 14.51 கோடி. காளை, எருது, காளைக்கன்னு எல்லாம் சேர்த்து நாலே முக்கால் கோடிதான். பொறக்கும்போது பாதிக்குப் பாதிதான் பொறக்குது. மிச்சம் எங்கேன்னு மாடு வச்சிருக்கிற எல்லாருக்கும் தெரியும், பால் குடிக்கிற எல்லாரும் கொஞ்சம் யோசிச்சா தெரிஞ்சுக்கலாம்.

எங்கம்மா சொன்னதுல இருந்த விசயம் இதுதான். அந்த ஏ.ஐ., சினை ஊசி, கெட்டது இல்லை. எங்க வீட்டுல மூணு பேரைப் படிக்க வச்சது அந்தப் பால்தான். ஆனா அதுகிட்ட நாம கேட்டது பால். பாலைக் கொடுத்துச்சு. மாட்டோட இடுப்பு தாங்குமா, காளைக்கன்னு என்ன ஆகும்னு நாம கேக்கவும் இல்ல, அது சொல்லவும் இல்ல. புதுசா வர்ற ஏ.ஐ.யும் யாரு என்ன கேக்கறாங்களோ அதைத்தான் கொடுக்கும். கேக்கப்போறது யாரு? பணம் போடறவன். அவன் எதைக் கேப்பான்?

2017-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துல செம்மறியாட்டு மூஞ்சியைப் பார்த்தே அதுக்கு வலி இருக்கா இல்லையான்னு சொல்ற ஏ.ஐ. ஒண்ணு செஞ்சாங்களாம். நல்ல விசயம். மடி வீங்கறதுக்கு முன்னாடியே எனக்குச் சொன்னா நான் கும்பிடுவேன். ஆனா அந்த மூணு ராத்திரி செவலைக்கு வலின்னு எனக்குத் தெரியாமலா இருந்துச்சு? மெசின் வந்து சொல்லித்தான் தெரியணுமா? அறிவு பத்தாம நான் அதை விக்கல. 8,000 ரூபாய்க்காக வித்தேன்.

மாப்ள கடைசியா ஒண்ணு சொன்னான். அதுக்கு எனக்குச் சரியான பதில் இல்லை. "மாமா, பாலையே மாடில்லாம ஆய்வுக்கூடத்துல நுண்ணுயிர் வச்சுத் தயாரிச்சுட்டா? பால் புரதத்தை இப்பவே அப்படிச் செய்யறாங்க. ஏ.ஐ. அதைச் சல்லிசாக்கிரும். அப்ப எந்தக் கன்னையும் யாரும் பிரிக்க வேண்டாமே?"

இது வைக்கோல் கன்னு இல்லை, காரணத்தையே எடுக்கறது. நியாயமாப் பார்த்தா நான் சந்தோசப்படணும். ஆனா அன்னிக்கு என் பொழைப்பு போயிரும். செவலை மாதிரி மாடுகளும் போயிரும். ட்ராக்டர் வந்ததும் எருதுக்குக் கழுத்துல காய்ப்பு இல்லை, சாட்டையடி இல்லை. எருதும் இல்லை. காங்கேயத்து மாடு எத்தனை கொறைஞ்சு போச்சுன்னு எங்க பக்கத்து ஆளுங்களைக் கேளுங்க. வலியே இல்லாம இல்லாமப் போறது நல்லதா, கொஞ்சம் வலியோட இருக்கிறது நல்லதா? மாட்டுக்காக இதைக் கேக்கறேனா, என் வயித்துக்காகக் கேக்கறேனான்னு பிரிச்சுப் பார்க்க என்னால முடியல. முடியலங்கறதை ஒத்துக்கறேன்.

என் கருத்தை இப்படித்தான் சொல்ல முடியும். நோயை, புழுவை, பஞ்சத்தை ஏ.ஐ. ஒழிக்கட்டும், வெக்கையை ஒழிச்ச மாதிரி. வலி தெரியாத உசுரைச் செஞ்சு கொடுக்கிறேன்னு வந்தா, எதை மறைக்கறதுக்காகச் செய்யறோம்னு நாலு தடவை கேக்கணும். நாம தெரிஞ்சே கொடுக்கிற வலி இருக்கே, அதுக்கு ஏ.ஐ. வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. கன்னு மூணு மாசம் தாய்ப்பால் குடிக்கணும்னா பால் விலையில ரெண்டு மூணு ரூபாய் கூடும். அதை நானும் நீங்களும் பங்கு போட்டுக்க முடியுமான்னு பேசறதுக்கு எந்தக் கம்ப்யூட்டரும் வேண்டாம். பாக்கெட் பால் விலை கூடினா உங்க ஊர்ல எவ்வளவு கூச்சல் வருதுன்னு எனக்குத் தெரியும். காளைக்கன்னு வித்தவன் நான், அதனால உங்களைக் குத்தம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ரெண்டு பேரும் சேர்ந்துதான் இதைப் பண்ணிக்கிட்டு இருக்கோம்னு சொல்றேன், அவ்வளவுதான்.

செவலை இப்ப மறுபடியும் சினை. இந்தத் தடவை சின்ன சாதி ஊசியாப் போடச் சொல்லி நின்னு பார்த்துப் போட்டேன். பத்துக்கு ஒன்பது கிடேரியாவே பொறக்கிற ஊசியும் இப்ப வந்திருக்கு. கேட்டேன், அன்னிக்கு ஆஸ்பத்திரியில இருப்பு இல்லை. மாசிக் கடைசியில ஈனும். காளைக்கன்னா இருந்தா மூணு மாசம் வயிறு முட்டக் குடிக்கட்டும்னு அம்மாகிட்டச் சொல்லிட்டேன். "அதுக்கப்புறம்?"னு அம்மா கேட்டுச்சு.

அதுக்கப்புறம் என்ன பண்றதுன்னு இன்னும் தெரியல. ஈனட்டும், எழுதறேன்.